முடி எடுக்காத சாமியாரா நீங்கள்?

கேள்வி: வணக்கம் அண்ணா. எனக்கு 32 வயது, ஊர் கும்பகோணம் பக்கம். ஹாங்காங் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஷாம் ஷுய் போவில் ஒரு சமூகக் கூடத்தில் யோகா சொல்லித்தருகிறேன். மாணவர்களில் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டிய அம்மாக்கள், அதனால் கண்டோனீஸில் நாலு வார்த்தை பேசப் பழகுகிறேன். ஆன்மிக சாதனைக்கு என்ன சொல் என்று தேடியதில் ‘ஸவ் ஹங்’ கிடைத்தது. போன மாதம் புது வகுப்பில், “நான் 12 வருடமாக ஸவ் ஹங் செய்கிறவன்” என்று அறிமுகம் செய்துகொண்டேன். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் முன்வரிசை அம்மா ஒருவர் என் கொண்டையைப் பார்த்து “டாய் ஃபாட் ஸவ் ஹங்?” என்றார். கூடமே சிரித்தது. கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்கள். ஆகிவிட்டது என்றதும் இன்னும் சிரிப்பு. இதற்கு முன்பே, கைப்பேசிச் செயலி கொடுத்த ‘ஸவ் ஸன்’ என்ற சொல்லை நோட்டீஸில் போட்டு, வந்தவர்கள் எல்லாம் எத்தனை கிலோ குறையும் என்று கேட்டது தனிக்கதை. நான் சொன்னதில் என்ன தப்பு? எந்தச் சொல்லை எங்கே வைக்க வேண்டும்? அடுத்த நோட்டீஸில் போதிதர்மர் பெயரைச் சேர்க்கலாமா?

பதில்: தம்பி, கடிதத்தைப் படித்துவிட்டு நானும் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம்மவர்களுக்குக் கண்டோனீஸ் சொல்லித்தருவதும், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று கூடப்போய் மொழிபெயர்ப்பதும்தான் இருபது வருடமாக எனக்குத் தொழில். இந்தச் சொல்லில் கால் இடறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் இடறியிருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த அம்மா கேட்டது. ‘டாய் ஃபாட்’ என்றால் தலைமுடியோடு. மொட்டை போடாமல், தீட்சை வாங்காமல், ஆனால் துறவி மாதிரியே வாழ்கிறவர்களை ‘டாய் ஃபாட் ஸவ் ஹங்’ என்பார்கள். நீங்கள் “12 வருடமாக ஸவ் ஹங்” என்றதும் அவர்கள் மனதில் யோகா பாய் வந்திருக்காது. விடியற்காலை மணிச் சத்தம், சூத்திரம் ஓதுவது, சைவச் சாப்பாடு, பிரம்மசரியம் எல்லாம் வந்திருக்கும். எதிரே நிற்பவரோ தலைநிறைய முடியோடு கொண்டை போட்டிருக்கிறார். அதான் கேட்டுவிட்டார்: முடி எடுக்காத சாமியாரா? காதல் கீதல் என்று எதிலும் மாட்டாமல் தனியாகத் திரியும் நண்பர்களைச் சீண்டவும் இங்கே இதே தொடரைத்தான் எடுப்பார்கள். கல்யாணக் கேள்வி அங்கிருந்து வந்தது. ஆகிவிட்டது என்று சொல்லி மிச்ச ஜோக்கை நீங்களே முடித்துக் கொடுத்துவிட்டீர்கள்.

ஆனால் அந்த வயது அம்மாக்களுக்கு இந்தத் தொடரில் விளையாட்டு மட்டும் இல்லை. முத்து நதிக் கழிமுகத்தில் ஷுன்டக் என்று ஒரு வட்டாரம், பட்டுக்குப் பேர்போன இடம். அங்கே பட்டு நூற்றுத் தங்கள் கையால் சம்பாதித்த பெண்களில் பலர், யாருக்கும் கழுத்தை நீட்ட மாட்டோம் என்று சாமி முன்னால் சத்தியம் செய்தார்கள். கல்யாணத்தன்று மணப்பெண்ணுக்கு வேறொருவர் தலைவாரிக் கொண்டை போடுவது அங்கே வழக்கம். இவர்கள் அந்தக் கொண்டையைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். ‘ட்ஸீ ஸோ நொய்’, அதாவது தானே தலைவாரிக்கொண்ட பெண், என்று பெயரே வந்தது. 1930களில் பட்டுத் தொழில் படுத்ததும் ஹாங்காங், சிங்கப்பூர், மலாயா என்று வீட்டு வேலைக்குக் கிளம்பினார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. சம்பளத்தில் பாதி ஊருக்குப் போகும். வயதான காலத்தில் தங்குவதற்கென்று சிலர் காசு சேர்த்து ‘ட்ஸாய் டோங்’ எனும், சைவச் சாப்பாடு மட்டுமே உள்ள பௌத்த மடங்களில் இடம் பிடித்து வைத்தார்கள். அங்கே முடி எடுக்க வேண்டியதில்லை. காலையில் விளக்கு, மாலையில் ஜபம், நடுவில் தோட்ட வேலை. முடியோடு செய்கிற ஸவ் ஹங் இதுதான். உங்கள் வகுப்பு அம்மாக்களில் யாருக்காவது அப்படி ஒரு பெரியத்தை இருந்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள், கதை வரும். ஆசனம் அன்றைக்கு அரை மணி நேரம் குறைந்தாலும் பரவாயில்லை.

இனி சொல்லுக்கு வருவோம்.

‘ஸவ்’ என்றால் பழுது பார்ப்பது, செப்பனிடுவது. அந்த எழுத்தை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். லிஃப்ட் ஓடாதபோது கதவில் ஒரு பலகை தொங்குமே, அதில் ‘வய் ஸவ்’ என்று இருக்கும்: பராமரிப்பு. பக்கத்து வீட்டில் சுவரை இடித்து உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது ‘ட்ஸோங் ஸவ்’: வீட்டைப் புதுப்பிப்பது. வேலை பார்த்துக்கொண்டே மேல்படிப்புப் படிப்பதற்கும் ‘ட்ஸொன் ஸவ்’ என்று இதே ஸவ்தான். ‘ஹங்’ என்றால் நடப்பது, அதிலிருந்து நடந்துகொள்ளும் விதம். தமிழில் நடையும் நடத்தையும் ஒரே வேரில் முளைத்த மாதிரி அங்கேயும். ஆக ஸவ் ஹங் என்பது நடத்தையைச் செப்பனிடுவது. ரிப்பேர் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிப்பேர் என்றால் பழுது இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாயிற்று. அதனால்தான் இதைப் பட்டம் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றால் கேட்பவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

வடமொழி பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள் ‘பாவனா’ என்ற சொல்லுக்கு இந்த ஸவ்வையும், நடத்தையைக் குறிக்கும் ‘சர்யா’ என்ற சொல்லுக்கு இந்த ஹங்கையும் வைத்தார்கள். அந்தப் பாவனா தமிழுக்கும் வந்து என்ன பாடுபட்டது பாருங்கள். ‘பாவனை செய்கிறான்’ என்றால் நமக்கு நடிக்கிறான் என்று பொருள். இலங்கையில் ‘பாவனைப் பொருள்’ என்றால் சோப்பு, சீப்பு. உங்கள் அறிமுக வாக்கியத்தைத் தமிழாக்கினால் “12 வருடமாகப் பாவனை செய்கிறேன்” என்றாகிறது. சரி, விடுங்கள்.

உச்சரிப்பில் உங்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் திணறுகிற இடத்தில் நமக்குக் குறில் நெடில் கை கொடுக்கும். ‘ஹங்’ குறில். அதையே ‘ஹாங்’ என்று நீட்டினால் அது தெருவில் நடக்கிற நடை. ‘ஹாங் ஸான்’ மலையேற்றம், ‘ஹாங் காய்’ கடைவீதியில் சுற்றுவது. எழுத்து ஒன்றே, ஏட்டு வழக்கில் குறில், பேச்சு வழக்கில் நெடில். ஸவ் ஹங் ஏட்டிலிருந்து வந்த சொல், ஆகவே நீட்டாதீர்கள். கடைசி ‘ங்’ கில் ககரம் ஒட்டக்கூடாது, ‘அங்ஙனம்’ என்பதில் முதல் அசையோடு நிறுத்துகிற மாதிரி.

சுதி விஷயம்தான் கஷ்டம். ‘ஸவ்’ மேல் ஸ்தாயியில் ஆடாமல் நிற்க வேண்டும். மேல் ஸட்ஜத்தைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி. அதே ஸவ்வை நடுவில் தட்டையாகச் சொன்னால் ஒல்லி. அடியில் இறக்கினால் கவலை, அல்லது பகை. நான் வந்த புதிதில் ஒரு பெரியவரிடம் “உங்கள் ஸவ் ஹங் எப்படிப் போகிறது” என்று பணிவாகக் கேட்பதாக நினைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டேன். பணிவென்றால் நமக்குக் குரல் தானாக இறங்கும் அல்லவா? அவர் காதில் விழுந்தது கவலை என்ற சொல். “எனக்கென்ன கவலை, பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள்” என்று பதில் சொன்னார். ‘ஹங்’ கின் சுதி இரண்டு விதமாகவும் காதில் விழும், சிலர் அடியில் இறக்குவார்கள், சிலர் அடியில் தட்டையாக வைப்பார்கள். உங்கள் வகுப்பு அம்மாக்கள் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே சொல்லுங்கள்.

உங்கள் ‘ஸவ் ஸன்’ நோட்டீஸ் கவிழ்ந்ததும் இங்கேதான். ‘ஸன்’ என்றால் உடம்பு, தன்னுடல், தான். ஸவ் ஸன் என்பது கன்பூசிய மரபின் பெரிய சொல். தன்னைச் சீராக்கு, பிறகு குடும்பத்தை, பிறகு நாட்டை, பிறகு உலகத்தை என்று ‘பேரறிவு’ நூலில் ஒரு படிவரிசை வருகிறது, அதில் ஒரு படிக்கட்டு இது. பேரரசன் முதல் சாதாரண ஆள் வரை எல்லோருக்கும் இதுவே வேர் என்று அந்த நூல் சொல்கிறது. செயலி உங்களுக்குக் கொடுத்தது அகராதிப்படி சரிதான். ஆனால் ஹாங்காங் அழகு நிலையங்கள் அந்தச் சொல்லை எப்போதோ தூக்கிக்கொண்டு போய்விட்டன. தன்னைச் சீராக்குவது இடுப்பைச் சீராக்குவதாகிவிட்டது. போதாக்குறைக்கு, உடம்பு இளைப்பதற்கு நேரான சொல்லும் ‘ஸவ் ஸன்’ தான், முதல் அசையின் சுதி மட்டும் நடுவில். எழுத்தில் பார்த்தாலும் இளைப்பு, காதில் கேட்டாலும் இளைப்பு. வந்தவர்கள் கிலோக் கணக்குக் கேட்டதில் குற்றமே இல்லை. உடைக்கடையில் சட்டைமேல் இந்தச் சொல் இருந்தால் உடம்பை ஒட்டிய தையல் என்று அர்த்தம், அங்கேயும் தத்துவம் தேடாதீர்கள்.

இப்போது ஸவ் ஹங்கை எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்ப்போம். பெரும்பாலும் மற்றவர்களைப் பற்றித்தான் சொல்வார்கள். “அவர் லன்டாவ் தீவில் ஸவ் ஹங் செய்கிறார்” என்றால் ஏதோ குடிலில் ஒதுங்கி வாழ்கிறார் என்று புரிந்துகொள்ளலாம். பௌத்தர்கள் தங்களுக்குள் பேசும்போது ‘ஸவ்’ மட்டும் தனியாக வந்து பின்னால் வழியின் பெயரைச் சேர்த்துக்கொள்ளும்: ‘ஸவ் ஸீம்’ என்றால் தியான வழி, ‘ஸவ் ட்ஸிங் டோ’ என்றால் தூய நிலம் எனும் அமிதாப புத்தரின் வழி. தன்னைப் பற்றிச் சொல்வதென்றால் குறைத்துச் சொல்வதுதான் மரபு. எரிச்சலில் கத்திவிட்டு, “டோ ஹங் மேய் கவ்” என்று தலையைச் சொறிவார்கள். இன்னும் அந்த அளவுக்குப் பக்குவம் வரவில்லை என்பது பொருள். இந்த ஒரு தொடரை மனப்பாடம் செய்துவைத்தால் ஹாங்காங்கில் பத்து வருடம் பிழைக்கலாம்.

பிறகு சலிப்பில் ஒரு ஸவ் ஹங் இருக்கிறது. பிள்ளை வளர்ப்பது ஒரு ஸவ் ஹங், கல்யாணம் ஒரு ஸவ் ஹங், நெரிசல் நேரத்தில் ரயில் ஏறி வேலைக்குப் போவது ஒரு ஸவ் ஹங். பத்திரிகைப் பத்திகளில் கல்யாணத்தைப் பற்றி இந்த வாக்கியம் வந்து வந்து தேய்ந்தே போய்விட்டது. ஆனாலும் பேச்சில் நன்றாக எடுபடும். ஒரு அம்மா பேரனை இழுத்துக்கொண்டு மூச்சு வாங்க வகுப்புக்கு வந்தால், “ச்சவ் ட்ஸய் டோ ஹய் ஸவ் ஹங்” என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளை பார்ப்பதும் தவம்தான் என்று. இந்த முறை சிரிப்பு உங்கள் பக்கம் இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. கையில் இருந்த காய்கறிப் பை கிழிந்து தக்காளி ரோட்டில் உருண்டால் ஒரு பாட்டி என்ன சொல்வாள் தெரியுமா? “ச்சீன் ஸய் ம் ஸவ்!” முன்பிறவியில் ஸவ் செய்யாமல் போய்விட்டேனே என்று. போன ஜென்மத்தில் என்ன பாவம் பண்ணினேனோ என்று நம் ஆயா தலையில் அடித்துக்கொள்வதேதான். ஒரு சின்ன வித்தியாசம்: நம் ஆயா செய்த பாவத்தை நினைக்கிறாள், இந்தப் பாட்டி செய்யாமல் விட்ட தவத்தை நினைக்கிறாள். நல்லது நடந்தால் “கேய் ஸங் ஸவ் டோ”: எத்தனை பிறவி ஸவ் செய்து இது கிடைத்ததோ! ‘இவன் தந்தை என்னோற்றான்கொல்’ என்று வள்ளுவர் ஊர் வாயில் வைத்த வியப்பு இந்த ஊர் வாயிலும் இருக்கிறது. ஒரே படகில் சேர்ந்து கடக்கப் பத்து வருடத் தவம் வேண்டும், ஒரே தலையணையில் தூங்க நூறு வருடத் தவம் வேண்டும் என்று கல்யாண வீடுகளில் சொல்கிற பழமொழியிலும் வினைச்சொல் இந்த ஸவ்தான். பேச்சில் இந்தச் சொல்லுக்கு உயிர் இருக்கிற இடங்கள் இவை.

நெருங்கிய சொற்கள் மூன்றைச் சட்டென்று பார்த்துவிடலாம். ‘ஸவ் லீன்’ என்பதில் உலையில் உலோகம் காய்ச்சுகிற வாசனை உண்டு. தாவோ மரபினர் உடம்புக்குள்ளேயே ரசவாதம் செய்வதைப் பற்றிய சொல் அது. இப்போது வாளேந்திப் பறக்கிற கதைகளிலும் கணினி விளையாட்டுகளிலும் நிறையப் புழங்குகிறது. சில இயக்கங்களின் அடையாளமாகவும் ஆகிவிட்டதால் நோட்டீஸில் வைக்காதீர்கள். ‘ஸவ் யெங்’ என்றால் பண்பு, நிதானம். சண்டை போட வந்தவரிடமும் குரல் உயர்த்தாமல் பேசுகிறவரைப் பார்த்து ‘ஹோ யவ் ஸவ் யெங்’ என்பார்கள். தாராளமாக மாணவர்களைப் பாராட்டலாம், உங்களை நீங்களே பாராட்டிக்கொள்ள மட்டும் ஆகாது. ‘ஸவ் நொய்’ என்பது கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி. நான் இடறியது இங்கே. ஒரு பௌத்த மடத்தில் மொட்டைத் தலையோடு நின்ற வயதான பிக்குணியை, ஸவ் செய்கிற பெண்தானே என்று ‘ஸவ் நொய்’ என்று கூப்பிட்டேன். அவர் மிக அமைதியாக, “சர்ச் தெருவின் அந்தக் கோடியில் இருக்கிறது” என்று கை காட்டினார். பௌத்தத் துறவி ஆணோ பெண்ணோ, ‘ஃபாட் ஸீ’ என்றால் மரியாதை.

சைவச் சாப்பாடு பேச்சு எப்படியும் வரும். ‘ஸிக் ட்ஸாய்’ என்றால் விரதச் சைவம் சாப்பிடுவது. நிறைய அம்மாக்கள் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இதைக் கடைப்பிடிப்பார்கள், நம் அமாவாசை, பௌர்ணமிக் கணக்கு. ஆனால் அந்த ட்ஸாயில் வெங்காயமும் பூண்டும் சேராது. நான் ஸிக் ட்ஸாய் என்று சொல்லிவிட்டு வெங்காய சாம்பாரோடு டிபன் பெட்டியைத் திறந்தால் கேள்வி வரும், தயாராக இருங்கள். அதே ட்ஸாய் டீக்கடைக்குள் நுழைந்ததும் ‘வெறும்’ என்று ஆகிவிடுகிறது. ‘ட்ஸாய் ஃபே’ என்றால் பால் சேர்க்காத கடுங்காப்பி. காரியம் இல்லாமல் வெறும் பேச்சு பேசுவது ‘ட்ஸாய் கோங்’. விரதத்திலிருந்து வெறுமைக்கு ஒரு சொல் நடந்து வந்த தூரத்தைப் பாருங்கள்!

உங்கள் தொழிலுக்கு என்ன சொல்? பயிற்சிக்கு ‘லீன்’. “ஙோ லீன் யூ கா, லீன் ட்ஸோ ஸப் யீ நீன்”: நான் யோகா பயில்கிறேன், பயிலத் தொடங்கி 12 வருடம். அவ்வளவுதான், நேராக, அடக்கமாக. நம் பாட்டு வாத்தியார் சாதகம் என்று சொல்வாரே, அந்த எடை இந்த லீனுக்கு உண்டு. ‘யூ’ சொல்லும்போது உதட்டைக் குவித்து உள்ளே ஈகாரம் சொல்லுங்கள், சரியாக வரும்.

அதற்கு மேல் ஆன்மிகம் தொட்டுப் பேசத்தான் வேண்டும் என்றால், ஆசிரியர்களுக்கென்றே ஒரு பழமொழி இருக்கிறது: “ஸீ ஃபூ லிங் ட்ஸொன் மூன், ஸவ் ஹங் ட்ஸோய் கோ யன்.” குரு வாசல் வரை கூட்டிப்போவார், ஸவ் ஹங் அவரவர் பாடு. சமையல்காரர் முதல் கார் மெக்கானிக் வரை எல்லா ஸீ ஃபூவும் சீடனிடம் இதைச் சொல்வார்கள். முதல் வகுப்பின் முடிவில் பாயைச் சுருட்டும்போது சொல்லுங்கள். பெரிய சொல்லை நீங்கள் வைத்துக்கொள்ளாமல் அவர்கள் கையில் கொடுத்துவிட்ட மாதிரி இருக்கும், அது இந்த ஊருக்குப் பிடிக்கும்.

போதிதர்மர் பற்றி. இங்கே ‘டாட் மோ’ என்றால் எல்லோருக்கும் தெரியும். கடல்வழியாக வந்து குவாங்சௌவில் இறங்கினார் என்பது மரபு, இறங்கிய இடம் என்று ஹுவாலின் கோயிலைக் காட்டுவார்கள். தென்னிந்தியர் என்று பழைய சீனக் குறிப்பு உண்டு. அதற்கிணையாகப் பழைய இன்னொரு குறிப்பு பாரசீகர் என்கிறது. காஞ்சிபுரம் என்று நாம் அடித்துச் சொல்வதெல்லாம் பின்னால் வந்த ஊகத்தின் மேல் கட்டியது. பெருமைக்காக நோட்டீஸில் போட்டால், குங்ஃபூ கற்றுக்கொள்ள இளைஞர்கள் வந்து நிற்பார்கள். மறுபடி ஒரு கடிதம் எழுத வேண்டிவரும்.

குரு ஒருவர் பெயர் வேண்டுமென்றால் இந்த மண்ணின் ஆளை எடுங்கள். ‘லுக் ட்ஸோ’, அதாவது ஸீம் எனும் தியான வழியின் ஆறாம் குரு, ஹுய்நெங். 638இல் பிறந்தவர், குவாங்டோங் மாகாணத்தின் சின்சிங் பக்கம். அப்பா இல்லை. விறகு விற்று அம்மாவுக்குச் சோறு போட்ட, எழுதப் படிக்கத் தெரியாத பையன். வடக்கே ஐந்தாம் குருவின் மடத்துக்குப் போனபோது, தெற்கத்திக் காட்டான் நீ எப்படிப் புத்தனாவாய் என்று கேட்டார்கள். மனிதருக்கு வடக்கு தெற்கு உண்டு, புத்த இயல்புக்கு ஏது என்றார். எட்டு மாதம் நெல் குத்த விட்டார்கள். நெல் குத்தினார். பிற்காலத்தில் அவர் பேரில் வந்த ‘மேடைச் சூத்திர’த்தில், ஸவ் ஹங் செய்ய விரும்பினால் வீட்டிலிருந்தே செய்யலாம், கோயிலுக்குள் இருந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை என்று நேராகவே வருகிறது. அவர் உடல் இன்னும் ஷாவ்குவான் அருகே நான்ஹுவா கோயிலில் இருக்கிறது, அதிவேக ரயிலில் போனால் அதிக தூரமில்லை. ஒரு லீவு நாளில் மனைவியையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்.

அந்த முன்வரிசை அம்மா மறுபடி கொண்டையைப் பார்த்து டாய் ஃபாட் ஸவ் ஹங்கா என்று ஆரம்பித்தால், கையெடுத்துக் கும்பிட்டு “டோ ஹங் மேய் கவ்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆசனத்துக்குப் போங்கள். டோவும் ஹங்கும் மேயும் அடியில் தட்டை, ‘கவ்’ மட்டும் நடுவில். கவ்வை மேலே ஏற்றினால் நாய் வந்துவிடும், பத்திரம்.